மூக்கடைப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு

"சார், எனக்கு சைனஸ் இருக்கு" என்று கடைக்கு வந்து யாராவது சொன்னால், "எல்லாருக்கும்தான் இருக்கு" என்று ஒரு பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டுப் போகும். சொல்ல மாட்டேன். வியாபாரம் நடக்கணுமே :-)

ஆனா விஷயம் அதுதான். சைனஸ் என்பது வியாதியோட பேர் இல்லை, இடத்தோட பேர். நெற்றிக்குள்ளே, கன்னத்து எலும்புக்குள்ளே, ரெண்டு கண்ணுக்கும் நடுவிலே, அதுக்கும் பின்னாடி மண்டையோட மத்தியிலே என்று நாலு ஜோடி காற்று அறைகள். அந்த அறைகளோட உள்தோல் வீங்கி, வாசல் அடைச்சு, உள்ளே சளி தேங்கினால் அதுக்குப் பேர் சைனசைட்டிஸ். நம்ம சித்த வைத்தியத்துல இதுக்கு பீனிசம் என்று தனிப் பேரே இருக்கு. ஆனா நம்ம ஜனங்க தும்மல் வந்தாலும் சைனஸ், தலை வலிச்சாலும் சைனஸ், ஏசி ரூம்ல தூங்கி எந்திரிச்சு மூக்கு ஒழுகினாலும் சைனஸ் என்பாங்க.

மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால நின்னு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. காய்ச்சலுக்கும் வயித்துவலிக்கும் டாக்டர்கிட்ட போறவங்க கூட மூக்குக்கு மட்டும் நேரா நம்மகிட்ட வந்துடுவாங்க. மூக்கு விஷயத்துல கடைக்காரன்தான் முதல் வைத்தியன். அதனால நாங்க எடுத்துக் கொடுக்கற மாத்திரையும் சொட்டு மருந்தும் எங்கேருந்து வந்துச்சுன்னு கொஞ்ச நாளா தேடிப் படிச்சுக்கிட்டு இருந்தேன். படிக்கப் படிக்க, அடைச்ச மூக்கைத் திறக்கற மருந்து ஒவ்வொண்ணும் பின்னாடியே ஒரு பில்லையும் கொண்டு வந்து நீட்டியிருக்குன்னு தெரிஞ்சுது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

கன்னத்துக்குள்ள ஒரு ஓட்டை அறை இருக்குங்கறது ஒரு காலத்துல டாக்டர்களுக்கே சரியாத் தெரியாது. லியோனார்டோ டாவின்சி 1489-லயே மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து அதை அழகா வரைஞ்சு வச்சிருக்கார், ஆனா அந்தப் படங்கள் வெளியே வர ரொம்ப காலம் ஆச்சு. இங்கிலாந்துல நத்தானியேல் ஹைமோர் என்ற டாக்டர் 1651-ல எழுதின உடற்கூறு புத்தகத்துலதான் அந்த அறையைப் பத்தி விவரமா வருது. அவர்கிட்ட வந்த ஒரு அம்மாவுக்கு மேல் கோரைப்பல்லைப் பிடுங்கியிருக்காங்க. பிடுங்கின குழியில இருந்து சீழ் வந்துக்கிட்டே இருக்கு. அந்த அம்மா சும்மா இருக்காம ஒரு ஊசியை உள்ளே விட்டுப் பார்த்தாங்க. போகுது, போகுது, கண்ணுக்குக் கிட்ட வரைக்கும் போகுது! அப்புறம் ஒரு இறகைச் சீவி அதையும் விட்டாங்க. அதுவும் உள்ளே போய் சுருண்டுக்கிச்சு. ஐயையோ மூளைக்கே போயிடுச்சு என்று அலறி அடிச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினாங்க. அம்மா, அது மூளை இல்லை, எல்லாருக்கும் இருக்கற ஒரு அறைதான் என்று அவர் விளக்கிச் சொன்னார். அந்த அறைக்கு ரொம்ப காலம் ஹைமோர் அறை என்றே பேர் இருந்துச்சு. ஆக, "எல்லாருக்கும்தான் இருக்கு" என்ற பதில் என்னோட சொந்தச் சரக்கு இல்லை, 1651-லேயே ஒருத்தர் சொல்லிட்டார்!

சரி, மருந்துக்கு வருவோம்.

19-ஆம் நூற்றாண்டு கடைசியில அமெரிக்காவுல மூக்கு ஒழுகல், அடைப்பு எல்லாத்துக்கும் சேர்த்து கட்டார் என்று ஒரு பேர். கட்டார் பொடி என்று மருந்துக்கடையில டப்பா டப்பாவா வித்தாங்க. உறிஞ்சின உடனே மூக்கு திறக்கும், மனசும் சேர்ந்து திறக்கும். ஏன்னா அதுல இருந்தது கோகெய்ன். 1884-ல கோகெய்ன் உணர்விழக்கச் செய்யும்னு வியன்னாவுல கார்ல் கோலர் கண் ஆபரேஷன்ல காட்டினார். அது ரத்தக்குழாயைச் சுருக்கும், அதனால மூக்குத் தோல் வீக்கம் வடியும் என்பதும் சீக்கிரமே தெரிஞ்சு போச்சு. ரைனோஸ் என்ற பேர்ல வித்த ஒரு பொடியைச் சோதிச்சுப் பார்த்தா, கிட்டத்தட்ட முழுக்க கோகெய்ன்! 1906-ல வந்த சட்டம் டப்பா மேல என்ன இருக்குன்னு எழுதச் சொல்லுச்சு, 1914-ல வந்த சட்டம் கடிவாளம் போட்டுச்சு. அதுக்குள்ள எத்தனை பேர் ஜலதோஷத்துல ஆரம்பிச்சு போதையில முடிஞ்சாங்களோ.

அடுத்தது சீனாவுல இருந்து. மா ஹுவாங் என்று ஒரு புதர்ச்செடி, சீன வைத்தியத்துல மூச்சுத் தொந்தரவுக்குக் காலம் காலமா கொடுக்கறது. 1885-ல ஜப்பானியர் நாகாய் நாகயோஷி அதுல இருந்து எபெட்ரினைப் பிரிச்சார். அப்போ அது கண் பாப்பாவை விரிக்கற சரக்கு என்ற அளவுல நின்னு போச்சு. நாப்பது வருஷம் கழிச்சு பீக்கிங்ல கே.கே.சென் என்ற இளைஞர், சீன வைத்தியம் தெரிஞ்ச தன்னோட உறவினர் சொல்லக் கேட்டு, அதே செடியை ஆய்வுக்கு எடுத்தார். கார்ல் ஷ்மிட்டோட சேர்ந்து அவர் 1924-ல வெளியிட்ட கட்டுரைக்கு அப்புறம் உலகம் பூரா எபெட்ரின் பைத்தியம் பிடிச்சுது. மூக்குச் சொட்டு மருந்தா, மாத்திரையா, ஊசியா. நாட்டு வைத்தியத்தையும் லேப் வைத்தியத்தையும் ஒரு மனுஷன் இப்படி ஒழுங்கா சேர்த்து வச்ச உதாரணம் ரொம்ப கொஞ்சம், அதனால சென் மேல எனக்குத் தனி மரியாதை.

எபெட்ரின் செடியில இருந்து வரணும், விலை ஜாஸ்தி. அதுக்கு மாத்து தேடினப்போ கிடைச்சதுதான் ஆம்ஃபெட்டமின். ஸ்மித் க்ளைன் அண்ட் ஃப்ரெஞ்ச் கம்பெனி 1930களோட ஆரம்பத்துல பென்செட்ரின் இன்ஹேலர் என்று ஒரு குழாயை விக்க ஆரம்பிச்சுது. பாக்கறதுக்கு நம்ம விக்ஸ் இன்ஹேலர் மாதிரிதான். உள்ளே மடிச்சு வச்ச காகிதத்துல 300 மில்லிகிராமுக்கும் மேல ஆம்ஃபெட்டமின். சீட்டு கேக்க மாட்டாங்க, யார் வேணா வாங்கலாம். ஜனங்க குழாயை உடைச்சு, காகிதத்தை எடுத்து, காப்பியில ஊற வச்சுக் குடிச்சாங்க! ஜாஸ் இசைக்காரர்கள், எழுத்தாளர்கள், ராத்திரி லாரி ஓட்டறவங்க, பரீட்சைக்குப் படிக்கறவங்க என்று ஒரு பெரிய கூட்டமே அதுல மாட்டுச்சு. 1949-ல கம்பெனி உள்ளே இருந்த சரக்கை மாத்திச்சு. சீட்டு இல்லாம ஆம்ஃபெட்டமின் இன்ஹேலர் விக்கறதுக்கு அமெரிக்க அரசாங்கம் தடை போட 1959 ஆச்சு.

விக்ஸ் பேச்சு வந்ததால அதையும் சொல்லிடறேன். வட கரோலினாவுல கிரீன்ஸ்பரோ ஊர்ல மருந்துக்கடை வச்சிருந்த லன்ஸ்ஃபோர்ட் ரிச்சர்ட்சன் தயாரிச்ச களிம்பு அது. பேர் மச்சானோட பேர், அவர் டாக்டர் விக். (மச்சான் பேரை வச்சு இப்படி ஒரு சாம்ராஜ்யம்!) 1918 விஷக் காய்ச்சல் சமயத்துல அதோட விற்பனை மூணு மடங்கு ஏறுச்சு. நம்ம ஊர்ல இதுக்கு இணையா அமிர்தாஞ்சனம், 1893-ல காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில ஆரம்பிச்சது. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பேர்லதான் இருக்கு. இந்தக் களிம்புல இருக்கற மெந்தால் மூக்கடைப்பை எடுக்கவே எடுக்காது. கார்டிஃப்ல ரான் எக்ல்ஸ் என்பவர் 1980கள்ல அளந்து பார்த்தார். மெந்தால் உறிஞ்சினவங்க "நல்லா திறந்துடுச்சு"ன்னு சொன்னாங்க, காத்து போற அளவு மட்டும் மாறவே இல்லை. குளிர்ச்சியை உணர்ற நரம்பை மெந்தால் தட்டி எழுப்புது, மூளை அதைக் காத்து வருதுன்னு நினைச்சுக்குது. ஏமாத்து வேலைதான், ஆனா பெரியவங்களுக்கு ராத்திரி தூக்கம் வந்தா போதும் என்ற கணக்குல நான் அதை மன்னிச்சுட்டேன். கைக்குழந்தைக்கு மூக்குல தடவறதை மட்டும் மன்னிக்க மாட்டேன். ரெண்டு வயசுக்குள்ள அது கூடவே கூடாது.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்த இடம்.

1940கள்ல சீபா கம்பெனியோட பிரைவின் வந்துச்சு. நாஃபசோலின் என்ற சரக்கு. எபெட்ரின் மாதிரி படபடப்பு இல்லை, ரெண்டு சொட்டு விட்டா நிமிஷத்துல மூக்கு பளிச். டாக்டர்கள், கடைக்காரர்கள், ஜனங்க எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா சிகாகோவுல சாமுவேல் ஃபைன்பெர்க் என்ற ஒவ்வாமை டாக்டர்கிட்ட வித்தியாசமான நோயாளிகள் வர ஆரம்பிச்சாங்க. ஒவ்வாமை இல்லை, கிருமி இல்லை, ஆனா மூக்கு மாசக்கணக்கா அடைச்சே கிடக்கு. துருவிக் கேட்டா, எல்லார் பையிலயும் ஒரு பிரைவின் பாட்டில். மருந்துதான் வியாதி! 1945-ல அவரும் இன்னொருத்தரும் சேர்ந்து இதைப் பத்தி எழுதினாங்க. சொட்டு மருந்தை நிறுத்தினா மூக்கு தானா சரியாச்சு.

இது எப்படி நடக்குதுன்னு சொல்றேன். மூக்குக்குள்ள பக்கவாட்டுச் சுவர்ல மடிப்பு மடிப்பா சதை இருக்கு, அதுக்குள்ள பஞ்சு மாதிரி ரத்தக்குழாய்கள். ரத்தம் நிறைஞ்சா பஞ்சு ஊதும், வழி அடைக்கும். (சும்மா இருக்கும்போதே ரெண்டு மூக்கும் மாறி மாறி இப்படி ஊதும், வடியும். 1895-ல ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன்காரர் இதை எழுதி வச்சார். இடகலை, பிங்கலைன்னு நம்ம ஆளுங்க எத்தனையோ காலம் முன்னாடியே கவனிச்சு வச்சிருக்காங்க.) சொட்டு மருந்து அந்தக் குழாயை இறுக்கிப் பிடிக்குது. சில மணி நேரம் கழிச்சு பிடி விடும்போது குழாய் முன்னைவிட ஜாஸ்தியா ஊதுது. மறுபடி சொட்டு. நாளாக நாளாக குழாய் மருந்துக்குப் பழகிப் போய், பிடிக்கற நேரம் குறையுது, ஊதற நேரம் கூடுது. பனிரெண்டு மணிக்கு ஒரு தடவை விட்டவர் நாலு மணிக்கு ஒரு தடவை விடுவார், அப்புறம் ராத்திரி எந்திரிச்சு விடுவார்.

பிரைவினுக்குப் பின்னாடி சீபாவுல இருந்தே சைலோமெட்டாசோலின் வந்துச்சு, 1961-ல ஜெர்மனியில டார்ம்ஸ்டாட் மெர்க்ல இருந்து ஆக்சிமெட்டாசோலின். நம்ம கடைகள்ல ஆட்ரிவின், நாசிவியான் என்று கேட்டு வாங்கறது இதுங்களைத்தான். நல்ல மருந்துகள், குறை சொல்லலை. ஆனா குணம் அதே குணம். அமெரிக்க டப்பாவுல மூணு நாளுக்கு மேல வேண்டாம்னு அச்சடிச்சிருக்கும். வேற நாடுகள்ல அஞ்சு நாள், ஏழு நாள்னு போடறதும் உண்டு. நான் மூணு நாள் கட்சி.

இதைக் கண்டுபிடிக்கற இடம் ஆஸ்பத்திரி இல்லை, கவுண்டர்தான். ஏன்னா டாக்டர்கிட்ட இவங்க போறதே இல்லை. எங்க கடைக்கு வாரத்துக்கு ஒரு பாட்டில்னு வாங்கிக்கிட்டு இருந்தார் ஒரு பஸ் டிரைவர். ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"அண்ணே, இது வீட்ல எத்தனை பேருக்கு?"

"எனக்கு மட்டும்தான் தம்பி."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். இது இல்லாம ஸ்டியரிங்ல உக்கார முடியாதுப்பா. சைனஸ் முத்திப் போச்சு."

முத்திப் போனது சைனஸ் இல்லை. அவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையும் நம்ம கடையிலதான் போகுது, அது வேற. காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட அனுப்பினோம். அவர் மூக்குல அடிக்கற ஸ்டீராய்டு ஸ்பிரே ஒண்ணு எழுதி, முதல்ல ஒரு பக்க மூக்குக்கு மட்டும் சொட்டை நிறுத்துங்க, அது திறந்ததும் அடுத்த பக்கம் நிறுத்துங்கன்னு சொல்லி அனுப்பினார். முதல் வாரம் அண்ணன் என்னைத் திட்டாத திட்டு இல்லை. மூணாவது வாரம் சொட்டு வாங்க வரலை. ஒரு வியாபாரம் போச்சு, ஆனா அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

இதுல ஸ்டீராய்டு ஸ்பிரேன்னு சொன்னேன் இல்லையா, அதோட வேர் ஹே ஃபீவர் கதையில இருக்கு. 1819-ல லண்டன்ல ஜான் பாஸ்டாக் என்ற டாக்டர், வருஷா வருஷம் கோடையில கண்ணும் மூக்கும் ஒழுகற ஒரு வியாதியைப் பத்திக் கட்டுரை வாசிச்சார். நோயாளி வேற யாரும் இல்லை, அவரேதான். காரணம் மகரந்தம்னு நிரூபிச்சது மான்செஸ்டர் டாக்டர் சார்லஸ் பிளாக்லி. காத்தாடியில பிசுபிசுப்பான கண்ணாடித் துண்டைக் கட்டிப் பறக்கவிட்டு, மேலே எத்தனை மகரந்தம் மிதக்குதுன்னு எண்ணினார்! 1873-ல புத்தகமாப் போட்டார். அதுக்கப்புறம் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் வந்துச்சு, டேனியல் பொவே அதுக்கும் சேர்த்து 1957-ல நோபல் வாங்கினார். நம்ம ஊர் அவில் மாத்திரை அந்த வம்சம்தான், போட்டா தும்மல் நிக்கும், கூடவே ஆளும் தூங்கிடுவார். 1973-ல டென்மார்க்ல நீல்ஸ் மைகின்ட் பெக்லோமெத்தசோன் ஸ்பிரேயை ஹே ஃபீவர்காரங்களுக்குக் கொடுத்துப் பார்த்து நல்ல பலன்னு எழுதினார். இது குழாயை இறுக்காது, வீக்கத்துக்குக் காரணமான அழற்சியைத் தணிக்குது. அதனால அடிமைப்படுத்தாது. ஒரே சங்கடம், முழுப் பலன் தெரிய சில நாள் ஆகும். "ரெண்டு நாள் அடிச்சேன், ஒண்ணும் ஆகலை"ன்னு திருப்பிக் கொண்டு வர்றவங்க நிறைய. அடிக்கற விதமும் தப்பா இருக்கும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுத்தண்டைப் பாக்காம காது பக்கம் பாக்கணும், இல்லைன்னா ரத்தம் கசியும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகும். எத்தனை கடையில அந்த ஒரு நிமிஷம் கிடைக்குது?

அடுத்தது மாத்திரைக் கதை. இது இன்னும் மோசம்.

ஜலதோஷ மாத்திரைன்னு நாம போடறதுல மூக்கைத் திறக்கறதுக்குன்னு ஒரு சரக்கு கலந்திருக்கும். பல வருஷம் அது ஃபினைல்புரொப்பனோலமின். அமெரிக்காவுல இதையே உடம்பு இளைக்கற மாத்திரையாவும் வித்தாங்க. சின்ன வயசுப் பெண்களுக்கு மூளையில ரத்தக்கசிவுன்னு கேஸ்கள் வரவும், யேல் பல்கலைக்கழகத்துல 702 நோயாளிகளை வச்சு ஆய்வு பண்ணாங்க. இளைக்கறதுக்காகச் சாப்பிட்ட பெண்களுக்கு ஆபத்து 16 மடங்கு. 2000 நவம்பர்ல அமெரிக்க மருந்து நிர்வாகம் எடுத்துடச் சொல்லுச்சு. இந்தியாவுல மத்திய அரசு தடை அறிவிப்பு போட்டது 2011 பிப்ரவரியில. நடுவுல பத்து வருஷம். அந்தப் பத்து வருஷமும் பெட்டிக்கடையில கூட அந்த மாத்திரை தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

அமெரிக்காவுல அதுக்கப்புறம் சூடோஎபெட்ரின் முன்னாடி வந்துச்சு. வேலை செய்யற சரக்கு. ஆனா அதுல இருந்து மெத் போதைப்பொருள் காய்ச்ச முடியும் ('பிரேக்கிங் பேட்' பார்த்தவங்களுக்குத் தெரியும்). 2006-ல வந்த சட்டப்படி அதைக் கவுண்டருக்குப் பின்னாடி வச்சு, அடையாள அட்டை பார்த்து, நோட்டுல கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கணும்னு ஆச்சு. கம்பெனிகளுக்கு ஷெல்ஃப்ல அடுக்கி விக்க ஒரு மாத்து வேணும். அப்படி வந்து உக்காந்தது ஃபினைலெஃப்ரின்.

இது மூக்குல சொட்டா விட்டா வேலை செய்யும். ஊசியாப் போட்டா ரத்த அழுத்தத்தை ஏத்தும். ஆனா வாயில போட்டா? குடல் சுவரும் கல்லீரலும் சேர்ந்து வழியிலேயே தின்னுடும். 100 பங்கு முழுங்கினா, வேலை செய்யற உருவத்துல ரத்தத்துக்குப் போறது ஒரு பங்கு கூட இல்லை. 1976-ல அமெரிக்க நிபுணர் குழு ஒண்ணு இது பலன் தரும்னு முத்திரை குத்தியிருந்துச்சு. ஆதாரம், கம்பெனிகள் பண்ணி பெரும்பாலும் பிரசுரமே ஆகாத சின்னச் சின்ன ஆய்வுகள். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துல லெஸ்லி ஹென்டலெஸ், ராண்டி ஹாட்டன் என்று ரெண்டு மருந்தியல் பேராசிரியர்கள் அந்தப் பழைய ஆய்வுகளைத் தோண்டி எடுத்து மறுபடி கணக்குப் போட்டாங்க. தேறலை. 2007-ல மனு போட்டாங்க. இன்னும் ஆய்வு வேணும்னு பதில். ஆய்வும் நடந்துச்சு, வழக்கமான 10 மில்லிகிராமுக்கு நாலு மடங்கு கொடுத்தும் வெறும் மாவு மாத்திரைக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லை. 2015-ல இன்னொரு மனு. கடைசியில 2023 செப்டம்பர்ல ஆலோசனைக் குழு கூடி, 16 பேரும் ஒரே குரல்ல, வாய்வழி ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்குப் பலன் இல்லைன்னு ஓட்டு போட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் மட்டும் அமெரிக்காவுல அது கலந்த மருந்து சுமார் 180 கோடி டாலருக்கு வித்திருக்கு! 2024 நவம்பர்ல அதைப் பட்டியலை விட்டு எடுக்கறதா அரசு முன்மொழிஞ்சுது. டாக்டருங்க, கம்பெனிங்க, அரசாங்கம்னு யாருமே கேக்காத கேள்வியை ரெண்டு மருந்தாளுநர்கள் பதினாறு வருஷம் விடாம கேட்டிருக்காங்க. எங்க தொழில்ல இப்படி ரெண்டு பேர்னு சொல்லிக்க எனக்குப் பெருமை.

உங்க வீட்டு ஜலதோஷ மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. பாராசிட்டமால், குளோர்ஃபெனிரமின், கூடவே ஃபினைலெஃப்ரின் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ச்சல் குறையறது முதலாவதால, மூக்கு ஒழுகல் நின்னு தூக்கம் வர்றது ரெண்டாவதால. மூணாவது ஓசி டிக்கெட்ல வருது.

பெரியவங்களுக்குப் பணம்தான் நஷ்டம். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த மருந்தை 4 வயசுக்குக் கீழே கொடுக்கக் கூடாதுன்னு 2023 டிசம்பர்ல நம்ம மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லி, லேபிள்ல அச்சடிக்கவும் உத்தரவு போட்டுச்சு. 2025-ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல இருபதுக்கும் மேல குழந்தைகள் இருமல் சிரப் குடிச்சு, சிறுநீரகம் செயலிழந்து செத்துப் போனாங்க. சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. கொன்னது அதுல கலந்திருந்த டைஎத்திலின் கிளைக்கால் என்ற விஷம். அந்தப் பாட்டில்ல மருந்துன்னு எழுதியிருந்தது இதே ஜலதோஷக் கூட்டணிதான். செத்ததுல பெரும்பாலான பிள்ளைகள் அஞ்சு வயசுக்குள்ள. அந்த வயசுல சளிக்கு அந்த சிரப்பே தேவை இல்லை. இதை எழுதும்போது கை நடுங்குது. "குழந்தைக்குச் சளி, ஒரு சிரப் குடுங்க"ன்னு வர்ற அம்மாகிட்ட உப்புத் தண்ணி சொட்டு மருந்தை எடுத்து நீட்டினா, "இது வெறும் தண்ணிதானேப்பா"ன்னு முகம் சுருங்கும். ஆமாக்கா, வெறும் தண்ணிதான், அதான் குடுக்கறேன்னு சொல்லுவேன்.

பிரிட்டன்ல மருந்தாளுநர்களுக்குக் கவுண்டர்ல கேக்க அஞ்சு கேள்வி சொல்லிக் கொடுப்பாங்க. யாருக்கு, என்ன தொந்தரவு, எத்தனை நாளா, இதுவரைக்கும் என்ன பண்ணீங்க, வேற என்ன மருந்து சாப்பிடறீங்க. மேலே சொன்ன கதைகளைப் படிச்சுட்டு இந்த அஞ்சையும் பார்த்தா, ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாடியும் யாரோ சிலர் பட்ட அவஸ்தை தெரியும். 2024 ஜனவரி கடைசியில இங்கிலாந்துல மருந்தாளுநர்களே பார்த்து மருந்து கொடுக்கற ஏழு வியாதித் திட்டம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதுல சைனசைட்டிஸும் ஒண்ணு. பத்து நாளுக்குள்ள வந்தா ஆன்டிபயாடிக் கிடையாது. வைரஸ்ல வர்ற சைனசைட்டிஸ்ல பாக்டீரியா சேர்றது நூத்துக்கு ரெண்டு பேருக்குத்தான், மத்தவங்களுக்கு ரெண்டு மூணு வாரத்துல தானா வடியும். நம்ம ஊர்ல மூணாவது நாளே "அந்த மூணு மாத்திரை அட்டை குடுங்க"ன்னு அசித்ரோமைசினை விரல்ல எண்ணிக் காட்டுவாங்க. சீட்டு கேட்டா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க.

கடையில நான் பிரிச்சுப் பாக்கற முறை ரொம்ப சாதாரணம். மூக்கு, கண், அண்ணம் அரிச்சு, வரிசையா தும்மல் வந்து, தண்ணியா ஒழுகினா ஒவ்வாமை. தொண்டைக் கரகரப்புல ஆரம்பிச்சு மூணு நாலு நாள்ல கெட்டிச் சளியானா ஜலதோஷம். சளி பச்சையா இருக்கறதால மட்டும் பயப்பட ஒண்ணும் இல்லை. குறைஞ்சுக்கிட்டு வந்தது திடீர்னு திரும்ப ஏறி, காய்ச்சலும் ஒரு பக்கக் கன்னத்துல குனிஞ்சா கூடற வலியும் வந்தா, அப்போதான் சைனசைட்டிஸ் சந்தேகம். வெளிச்சமும் சத்தமும் ஆகாம, வாந்தி வர்ற மாதிரி ஒத்தைத் தலைவலின்னா அது பெரும்பாலும் மைக்ரேன், வருஷக்கணக்கா சைனஸ்ங்கற பேர்ல சுத்திக்கிட்டு இருக்கும்.

சில ஆளுங்களை மருந்தே கொடுக்காம அனுப்பிடுவேன். கண்ணைச் சுத்தி வீங்கி, பார்வை ரெட்டையாத் தெரியறவங்க. ஒரு பக்க மூக்குல மட்டும் திரும்பத் திரும்ப ரத்தம் வர்றவங்க. தலையில அடிபட்ட பின்னாடி ஒரு மூக்குல தெளிவான தண்ணி சொட்டறவங்க, அது மூளையைச் சுத்தி இருக்கற நீரா இருக்கலாம். ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தமா ஒழுகற குழந்தை, பத்துக்கு ஒன்பது தடவை உள்ளே ஒரு பாசி மணியோ புளியங்கொட்டையோ இருக்கும். அப்புறம் சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்குக் கன்னம் மரத்துப் போய், மூக்குல கருப்பாத் தெரிஞ்சா ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது. 2021-ல கொரோனா ரெண்டாவது அலைக்குப் பின்னாடி நாடு பூரா 40,000 பேருக்கு மேல வந்த கருப்புப் பூஞ்சை, பல பேருக்கு "சைனஸ் மாதிரி இருக்கு"ன்னுதான் ஆரம்பிச்சுது.

டிஸ்கி 1: வீட்ல ஜலநேதி பண்றவங்க கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியை மட்டும் விடுங்க. 2011-ல அமெரிக்காவுல லூசியானாவுல ரெண்டு பேர் குழாய்த் தண்ணியை அப்படியே மூக்குல விட்டு, அமீபா மூளைக்குப் போய் செத்துட்டாங்க.

டிஸ்கி 2: நொச்சி ஆவி பிடிக்கறவங்க குழந்தையை மடியில வச்சுக்கிட்டுப் பிடிக்காதீங்க. ஆவியால குணம் ஆனவங்களைவிட, சட்டி கவிழ்ந்து வெந்து போய் பர்ன்ஸ் களிம்பு கேட்டு வந்தவங்களை நான் நல்லா ஞாபகம் வச்சிருக்கேன். உங்க ஊர்ல மூக்கடைப்புக்கு என்ன கைவைத்தியம்னு பின்னூட்டத்துல எழுதுங்க, அடுத்த பதிவு நீர்க்கோவை மாத்திரை பத்தி.